மடிக்காத தாள்

குருவிகுளத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். நான் அப்போது காலேஜ் கடைசி வருஷம். பதினாலு பிள்ளைகள், ஒரு டியூப்லைட், அடிக்கடி போகிற கரண்ட். ஒன்பதாம் வகுப்புக்கு அடுக்கு விதிகள் ஓடிக்கொண்டிருந்தன. அடிமானம் ஒரே எண்ணாக இருந்து பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்குக்கு அடுக்கு வந்தால் பெருக்கு. எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்ஜியம் என்றால் விடை ஒன்று. அவ்வளவுதான், கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வருகிறவர். இவளும் லீவு நாட்களில் பெட்டி ஒட்டுவாள். விரலில் பசை காய்ந்திருக்கும். அவள் கேட்டாள்:

"அண்ணே, ரெண்டுக்கு அடுக்கு மூணுன்னா ரெண்டை மூணு தடவை பெருக்கணும். அடுக்கு சைபர்னா எதையுமே பெருக்கல. அப்ப சைபர்தான வரணும்? ஒண்ணு எப்படி வரும்?"

"அது ரூல். எழுதிக்க" என்றேன்.

எழுதிக்கொண்டாள். அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸ் ஆனாள். பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். என்னுடைய அந்த ஒரு பதில்தான் காரணம் என்று சொன்னால் அது என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வது. நூறு காரணம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த 'எழுதிக்க' இத்தனை வருஷம் கழித்தும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணம். அவள் கேட்டதற்கு அன்று எனக்கும் பதில் தெரியாது. தெரியாததை ரூல் என்று சொல்லி மறைத்தேன்.

அந்தக் கேள்விக்கு ஒரு தாள் போதும். பழைய தினசரித் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மடித்தால் ரெண்டு அடுக்கு. ரெண்டு தடவை மடித்தால் நாலு. மூணு தடவைக்கு எட்டு. இப்போது மடிக்கவே இல்லை என்றால் கையில் எத்தனை தாள் இருக்கிறது? ஒன்று. தாள் காணாமல் போய்விடவில்லை. பெருக்கவே இல்லை என்றால் ஆரம்பித்தது எதுவோ அது அப்படியே இருக்கும். பெருக்கலில் ஆரம்பம் என்பது ஒன்று. கூட்டலில்தான் ஆரம்பம் பூஜ்ஜியம். அவள் கூட்டலின் பழக்கத்தைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்துவிட்டாள், அவ்வளவுதான். பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கு இது அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும். எனக்கு இந்தத் தாள் கிடைக்க அதற்குப் பிறகு மூணு நாலு வருஷம் ஆனது.

ஆனால் தாளோடு விஷயம் முடியவில்லை. அடுக்கு மைனஸ் ஒன்று என்றால்? அரை என்றால்? தாளை மைனஸ் ஒரு தடவை மடிக்க முடியாது. 'அத்தனை தடவை பெருக்கு' என்ற முதல் விளக்கம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வரும்போதே செத்துவிடுகிறது. அதற்கப்பால் நாம் செய்வது வேறு வேலை. கூட்டு, கழி என்கிற விதிகள் நன்றாக ஓடுகின்றன. அவை உடையாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தப் புதிய இடத்தில் என்ன மதிப்பு வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். எட்டை எட்டால் வகுத்தால் ஒன்று. அடுக்கு விதிப்படி அது ரெண்டுக்கு அடுக்கு மூணு கழித்தல் மூணு, அதாவது 2⁰. அப்படியானால் 2⁰ ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் விதி உடையும். கவனியுங்கள், இங்கே யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவு, காரணமுள்ள முடிவு. ஆனாலும் முடிவு. நான் அந்தப் பிள்ளையிடம் அதை வானத்திலிருந்து விழுந்த கட்டளை மாதிரி சொன்னேன்.

ஒரு முடிவு நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது? கணக்கில் அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. அதை நோக்கி நடந்து பார். வலது பக்கமிருந்து வருவோம். ரெண்டுக்கு அடுக்கு ஒன்று, 2. அடுக்கு அரை, 1.414. கால், 1.189. அரைக்கால், 1.0905. அடுக்கு 1024-இல் ஒன்று என்றால் 1.00068. இப்போது இடது பக்கமிருந்து. அடுக்கு மைனஸ் ஒன்று, 0.5. மைனஸ் அரை, 0.707. மைனஸ் கால், 0.841. மைனஸ் 1024-இல் ஒன்று, 0.99932. ரெண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்து வந்து ஒரே வாசலில் நிற்கிறார்கள். பாடப்புத்தகம் இதை வலப்பக்க எல்லை, இடப்பக்க எல்லை என்று சொல்லும். ரெண்டும் சமமானால்தான் எல்லை உண்டு. முக்கியமான விஷயம், இந்த நடையில் பூஜ்ஜியத்தை யாரும் மிதிக்கவே இல்லை. அந்த இடம் காலியாகக்கூட இருக்கலாம். எல்லைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இந்த இடத்தில் சங்கரன்கோவில் ஞாபகம் வராமல் இருக்காது. சங்கன், பதுமன் என்று ரெண்டு நாகங்கள். ஒன்றுக்குச் சிவன் பெரிது, ஒன்றுக்கு விஷ்ணு பெரிது. கோமதியம்மன் தவமிருக்க, ஒரு பாதி சங்கரன் ஒரு பாதி நாராயணன் என்று காட்சி கிடைத்ததாகக் கதை. ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் அதைப் பார்க்கத்தான். உவமையை ரொம்ப இழுக்கக் கூடாதுதான், ஆனால் நாகங்கள் ரெண்டும் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பக்கமிருந்து பார்த்ததைத்தான் சொன்னது.

ஒருபக்க எல்லை என்பது பொய் கிடையாது. அரைகுறையும் கிடையாது. வலப்பக்க எல்லை ஒரு துல்லியமான எண். தப்பு எங்கே வருகிறது என்றால், அதை 'எல்லை' என்று வெறுமனே சொல்லிவிடும்போது. எந்தப் பக்கமிருந்து என்ற சின்னக் கூட்டல் குறியை, கழித்தல் குறியை எழுதாமல் விட்டுவிடும்போது. ஊரில் வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினைத் தகராறு கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. அண்ணன் சொல்வதை மட்டும் கேட்டால் அத்தனையும் உண்மை. சாயங்காலம் தம்பியைக் கேட்டால் அதுவும் உண்மை. ராத்திரி வீட்டுக்குப் போகும்போது தலை வலிக்கும்.

எல்லை என்கிற இந்தக் கருத்து இறுகியதில் ஒரு ஒழுக்கச் சண்டைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவவாதி, அயர்லாந்தில் பிஷப்பாக இருந்தவர், நியூட்டனுடைய நுண்கணிதத்தைத் தாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய புகார் எளிமையானது. ஒரு சின்ன அளவை எடுத்துக்கொள்கிறீர்கள். அது பூஜ்ஜியம் இல்லை என்று சொல்லி அதனால் வகுக்கிறீர்கள். வகுத்து முடித்ததும் அதுவே பூஜ்ஜியம் என்று சொல்லித் தூக்கி எறிகிறீர்கள். காரியம் ஆகும் வரை ஒரு பேச்சு, ஆனபிறகு வேறு பேச்சு. மதத்தில் புரியாததை நம்பச் சொல்கிறோம் என்று எங்களைக் கிண்டல் பண்ணுகிற நீங்கள், இதை மட்டும் எப்படி விழுங்குகிறீர்கள்? அந்தச் சின்ன அளவுகளைப் பேய்களோடு ஒப்பிட்டு ஒரு குத்தும் குத்தினார்.

விடைகள் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தன, அதையும் பெர்க்லி மறுக்கவில்லை. விடை சரியாக வருவதால் வழி நேர்மையானதாகிவிடுமா என்பதுதான் அவர் கேள்வி. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. நியாயமான பதில் கிடைக்கக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. 1821-இல் கோஷி எல்லை என்ற கருத்தை நுண்கணிதத்தின் அஸ்திவாரமாக வைத்தார். பிறகு வையர்ஸ்ட்ராஸ் அதில் மிச்சமிருந்த மழுப்பல்களைத் துடைத்தார். சின்ன அளவு பூஜ்ஜியமாகவே ஆவதில்லை, எவ்வளவு நெருங்க வேண்டும் என்று நீ சொல், அவ்வளவு நெருங்கிக் காட்டுகிறேன் என்பதுதான் அவர்கள் பதிலின் சாரம். நூறு வருஷமாக 'அது ரூல், எழுதிக்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் காரணம் சொன்னார்கள். ஒருவர் விடாமல் கேட்டதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, ரெண்டு பக்கமும் சேராத இடத்தில் என்ன செய்வது? 0⁰ என்ன?

பூஜ்ஜியம் பற்றிக் கேட்கிற பிள்ளை என்றால் ராமானுஜன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று, மூணு பழத்தை மூணு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கொன்று என்று வாத்தியார் சொன்னாராம். பழமே இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஆளுக்கொன்றா என்று கும்பகோணத்துப் பையன் கேட்டானாம். நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். 628-இல் பிரம்மகுப்தர் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவைத்தார். இன்று அதை ஏற்பதில்லை. அந்த மேதை தப்பு செய்தார் என்பதைவிட, காலியாக விட வேண்டிய இடத்தை நிரப்பிவிட்டார் என்பது பொருத்தம்.

0⁰ இன்னும் விசித்திரமானது. அடுக்கைப் பூஜ்ஜியமாகவே வைத்துக்கொண்டு அடிமானத்தைக் குறைத்து வந்தால் ஒவ்வொரு அடியிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. அடிமானத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அடுக்கை வலது பக்கமிருந்து குறைத்து வந்தால் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். இடது பக்கமிருந்து வரலாமென்றால் பாதையே இல்லை. மைனஸ் அடுக்கு வந்ததும் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்லும். ரெண்டையும் சேர்த்தே குறைத்தால்? அரைக்கு அடுக்கு அரை, 0.707. 0.4-க்கு 0.4, 0.693. இறங்குகிறது என்று நினைப்போம். 0.3-க்கு 0.3, 0.697. திரும்பிவிட்டது. 0.1-க்கு 0.794. 0.01-க்கு 0.955. 0.001-க்கு 0.993. ஒன்றை நோக்கிப் போகிறது. 0.4-இல் நின்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் அசிங்கப்பட்டிருப்போம். இன்னொரு வழியும் இருக்கிறது. 1024-இல் ஒரு பங்குக்கு அடுக்கு பத்தில் ஒன்று. கணக்குப் போட்டால் அரை வரும், ஏனென்றால் 1024 என்பது ரெண்டுக்கு அடுக்கு பத்து. பத்துக்குப் பதில் நூறு போட்டாலும் அரை, ஆயிரம் போட்டாலும் அரை. அடிமானமும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, அடுக்கும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, விடை மட்டும் அரையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதே மாதிரி ஓர் உதாரணத்தை 1830-களில் ஜெர்மானியக் கணித இதழ் ஒன்றில் 'எஸ்' என்று மட்டும் கையெழுத்துப் போட்ட ஒருவர் காட்டினார். 0⁰ ஒன்றுதான் என்று மோபியஸ் நிரூபணம் கொடுத்திருந்தார். மோபியஸ் என்றால் சாதாரண ஆள் இல்லை, அந்தப் பெயரில் பட்டையே இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் இல்லை என்று காட்டினார். (அந்த விவாதத்தைக் கிளப்பிவிட்ட லிப்ரி பின்னாளில் பிரெஞ்சு நூலகங்களிலிருந்து சுவடிகளைத் திருடியதற்காகத் தண்டனை பெற்றவர். கணக்கில் நேர்மை பற்றிய கட்டுரையில் இவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

இன்றைய நிலைமை என்னவென்றால், எண்ணிக்கை சார்ந்த கணக்குகளில் 0⁰ ஒன்று என்றே வைத்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் ஈருறுப்புத் தேற்றம் போன்றவை விதிவிலக்கு இல்லாமல் ஓடும். 1992-இல் டொனால்டு குனுத் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வலுவாக வாதாடினார். எல்லைக் கணக்குகளில் அதைத் தேறாத வடிவம் என்று விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் பைத்தானிடம் கேட்டால் ஒன்று என்கிறது. பல கால்குலேட்டர்கள் எர்ரர் என்கின்றன. எனக்கு இதில் பிடித்தது, நாங்கள் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம், இன்ன காரணத்துக்காக என்று சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பாறையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நின்றுபோன பாண்டியர் காலத்து வேலை. மேல் பக்கமிருந்து மட்டும் வருகிற பாதை, அடி முடியவில்லை. முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது. அதற்காக யாரும் சிமென்ட் போட்டுக் கீழ்ப்பகுதியைப் பூசி, இதுதான் எட்டாம் நூற்றாண்டு என்று எழுதி வைக்கவில்லை.

இனி நம் தலையில் விழுகிற புள்ளிகளுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் அமலான தமிழ்நாட்டு மின்கட்டணப்படி அப்போது வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாயாக இருந்தது. 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை போய்விட்டது, அதனால் அந்தத் தாவல். இடப்பக்க எல்லை ஒன்று, வலப்பக்க எல்லை வேறு. சரியாக 500 எந்தப் பக்கம்? '500 வரை' என்பதில் இருக்கிற 'வரை' என்ற சொல்தான் அதைத் தீர்மானிக்கிறது. பரீட்சையில் 35 பாஸ், 34 ஃபெயில். பதினெட்டு வயசுக்கு ஒரு நாள் முன்னால் சிறுவர், மறுநாள் ஓட்டுப்போடுகிற ஆள். அறிவோ வயசோ அப்படித் தாவவில்லை. அது சீராகத்தான் ஏறியது. தாவலை நாம் வைத்தோம்.

எங்காவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. 2⁰ = 1 என்பதில் ரெண்டு பக்கமும் நம்மை அங்கேதான் கொண்டுவந்து விடுகின்றன; முடிவு எடுப்பவருக்கு வேறு வழியே இல்லை. 35-இல் ரெண்டு பக்கமும் சேரவில்லை. அங்கே இருப்பது அதிகாரத்தின் கை. ரெண்டையும் பிள்ளைகளிடம் ஒரே குரலில், ஒரே கட்டத்துக்குள் எழுதிக் கொடுக்கிறோம். காரணமுள்ள விதியையும் காரணம் இல்லாமல் வைத்த கோட்டையும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, பின்னாளில் யாராவது 'இதுதான் வழக்கம்' என்று எதையாவது நீட்டினால் எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க எங்கே பழக்கம் இருக்கும்? கணக்கு வகுப்பில்தான் அதற்கு வாய்ப்பு இருந்தது. காரணம் கேட்டால் கிடைக்கும் என்று அங்கேதான் ஒரு ஏழைப் பிள்ளைக்கு முதல் தடவை தெரியவரலாம்.

இதற்கு எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும், நானே அதைப் பேசியிருக்கிறேன். பதினாலு பிள்ளைகள், ராத்திரி எட்டு மணி, பரீட்சைக்கு இருபது நாள். ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொன்னால் பாடம் முடியாது. பஸ் ஓட்ட இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. விதியை முதலில் கைக்குப் பழக்கு, காரணம் தன்னால் வரும். இதில் கணிசமான உண்மை இருக்கிறது. பழகாத கைக்குக் காரணமும் பிடிபடாது. ஆனால் நான் அன்று, 'நல்ல கேள்வி, இப்ப எனக்கே தெரியல, விதியை இப்போதைக்கு எழுதிக்க, நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்லியிருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாடம் முடிக்கிற அவசரம் அந்த ஒரு வாக்கியத்தைத் தடுக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போதும் ஊருக்குப் போனால் அக்கா மகனும் அவன் சேக்காளிகளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். போன தடவை தாளை மடிக்கச் சொன்னேன். பிறகு பலசரக்குக் கடையில் இருக்கிற கால்குலேட்டரை வாங்கிவந்து, எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டு ரூட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றேன். ஒவ்வொரு அமுக்குக்கும் அடுக்கு பாதியாகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒருத்தன் ரெண்டைப் போட்டான். ஒருத்தன் அவன் அப்பா செல் நம்பரின் கடைசி அஞ்சு இலக்கத்தைப் போட்டான். எல்லாம் கரைந்து கரைந்து ஒன்றுக்கு வந்து நின்றது. 0.5 போட்டவனுக்கு 0.9999999 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அந்த மிஷின் மிச்சத்தை வெட்டி எறிகிற ரகம், கீழே இருந்து வருகிறவனுக்கு மட்டும் கடைசிப் படியைக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

ஓரத்தில் ஒரு பொடியன், ஆறாம் வகுப்பு இருக்கும், கால்குலேட்டரைப் பிடுங்கி ரொம்ப நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"மாமா, இது மட்டும் வரமாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். பூஜ்ஜியம் போட்டிருந்தான்.

"எத்தனை தடவை அமுக்குன?"

"நாப்பது தடவை. சைபர் சைபராவேதான் நிக்குது. மிஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லடா. நோட்டுல ஒரு பக்கத்தைக் காலியா விட்டுட்டு, மேல இந்தக் கேள்வியை எழுதி வை" என்றேன்.